எழுபத்தைந்து இன்ச்சும் உங்கப்பாவும்

மாதா துணை

திண்டிவனம்,
ஞாயிறு, கோயிலுக்குப் போய் வந்த பிறகு

அன்பு மகன் அறிவுச்செல்வனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அதாவது நான் நலம், உன் அக்கா கலையரசியும் அவள் வீட்டுக்காரரும் நலம், உங்கப்பா நலமா இல்லையா என்பதை மட்டும் இந்தக் கடிதத்தைக் கடைசி வரை படித்துவிட்டு நீயே சொல். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, அந்த தோஹா வெயிலில் காய்ந்து கருவாடாகாமல் இருக்க வேண்டும் என்று இன்றைக்குக் கூட மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் வந்தேன். போன் இருக்கும்போது இது என்ன கடிதம் என்று கேட்பாய். இந்த வீட்டில் போன் யார் கையில் இருக்கும் என்று உனக்குத் தெரியாதா. நான் ஹலோ என்றாலே நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஸ்பீக்கர்ல போடு என்பார் உங்கப்பா. அவரைப் பற்றியே பேச வேண்டியிருக்கும்போது அவருக்கே ஸ்பீக்கரில் போட்டுக் காட்ட எனக்கு என்ன பைத்தியமா.

முதலில் நல்ல சேதி. நீ ஆசைப்பட்ட டிவி வாங்கவில்லை. மூச்சு வாங்காதே, உட்கார்ந்து மேலே படி. நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் நான் கேட்டேன். நூற்றிருபது ஹெர்ட்ஸ் இருக்க வேண்டுமாம், பட்டனை அழுத்தினால் அந்த நொடியே உள்ளே இருப்பவன் சுட வேண்டுமாம், கறுப்பு என்றால் கறுப்பாகவே தெரிய வேண்டுமாம், சாம்பலாகத் தெரிந்தால் அது டிவியே இல்லையாம், நம் ஹாலில் ஜன்னல் வெளிச்சம் அடிப்பதால் ஓலெட் வாங்கலாமா மினி எல்இடி வாங்கலாமா என்று உனக்கு ஒரு வாரமாகத் தூக்கமே இல்லையாம். உனக்குப் பெண் பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு, ஏதோ நல்ல பொண்ணா நீயே பாரும்மா என்று ஒரே வரியில் முடித்தவன் நீ. வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் முதலாளிக்கு மனசு வந்து லீவு கொடுத்தால், ஒரு மாசம் வந்து மல்லாந்து படுத்துக்கொண்டு டிவியில் கார் ஓட்டி விளையாடத்தான் இவ்வளவும். மிச்சம் பதினோரு மாசமும் அந்தக் கறுப்பு கறுப்பாகத் தெரிகிறதா என்று நான் காவல் இருக்க வேண்டும். சுவரில் இருக்கும் இருதய ஆண்டவர் படத்தை எங்கே மாட்டுவது என்று கேட்டால், கிச்சன்ல வைம்மா, சமைக்கும்போது ஜெபம் பண்ணிக்கலாம் என்கிறாய். ஆண்டவருக்கு நீ காட்டின இடத்தை அவரே கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஆனால் இந்தக் கூத்தை ஆரம்பித்தது நீ இல்லை, அவர்தான். போன வருஷம் பொங்கல் கழிந்து ஒரு நாள், நம்ம டிவியில படம் மங்கலா கீதே என்றார். கேபிள் தேவநாதன் வந்து வயரை மாற்றினான். மங்கல். பெட்டியை மாற்றினான். அப்போதும் மங்கல். வோல்டேஜ் சரியில்லை என்றார், மழை மூட்டம் என்றார், மழை விட்டதும் வெயில் என்றார். ஈரத் துணியை எடுத்துத் திரையைத் தேய்தேய் என்று தேய்த்தார், அந்தத் தேய்ப்பைத் தோசைக்கல்லுக்குக் காட்டியிருந்தால் எனக்காவது புண்ணியம். அப்புறம் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் இழுத்து இழுத்து, திரைக்கும் அவர் மூக்குக்கும் நடுவில் கொசு போக இடம் இல்லை என்ற அளவுக்கு வந்தார். பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு எந்தச் சீரியல் போட்டாலும் உங்கப்பாவின் முதுகுதான் கதாநாயகன். கடைசியில் உன்னிடம் டிவி சின்னது என்று புகார் வைத்தார். நீ நாற்பத்து மூன்று இன்ச் என்றாய், பத்தாது என்றார். ஐம்பத்தைந்து என்றாய், அதுவும் பத்தாது. அறுபத்தைந்து ஆச்சு, எழுபத்தைந்து ஆச்சு. வயிற்றுப் பிள்ளை கூட இப்படி மாசாமாசம் வளராது. அப்பாவுக்கு இப்பதாம்மா டேஸ்ட் வந்துகீது என்று நீ பூரித்துப் போனாய். அவர் ஏன் பெரிசு பெரிசாகக் கேட்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை உனக்கு. உனக்கும் பெரிசுதானே வேண்டியிருந்தது.

நம் சொந்தத்தில் யார் எதை வாங்கினாலும் உங்கப்பா வந்து ஒரு பார்வை பார்த்தால்தான் கணக்கு என்பது உனக்குத் தெரியும். பைக்கா, பீரோவா, கறவை மாடா, கல்யாணப் புடவையா, சவுரி அண்ணன் ஒரு பார்வை பார்த்துட்டா போதும் என்று வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். அந்தக் கெத்தோடுதான் போன மாசம் ஒரு சனிக்கிழமை, தான் ஓட்டுகிற ஸ்கூல் வேனை எடுத்தார். திண்டிவனத்திலேயே கடை இல்லையா என்றேன். விழுப்புரத்துலதான் பெரிய ஷோரூம் கீது, சும்மா ஏறி உக்காரு என்றார். ஏறி உட்கார்ந்தேன். அன்றைக்குப் போகும்போது எனக்கு ஒன்றும் தெரியாது, ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போனேன்.

கடையில் கோகுலகிருஷ்ணன் என்று ஒருவர், கழுத்தில் டை கட்டிக்கொண்டு, அவ்வளவு மரியாதை. ஹால் எத்தனை அடி, எவ்வளவு தூரத்தில் உட்காருவீர்கள், வெளிச்சம் எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்டார். இரண்டு டிவியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படத்தை ஓடவிட்டார். ராத்திரி வானத்தில் ஒரு பலூன் போகிறது. ஒன்றில் வானம் சட்டிக் கரி மாதிரி இருந்தது, இன்னொன்றில் கொஞ்சம் வெளுத்திருந்தது ஆனால் பளிச்சென்று இருந்தது. நீ மணிக்கணக்கில் சொன்னது எனக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. உங்கப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, மாட்டுச் சந்தையில் நிற்கிற மாதிரி ம்ம் ம்ம் என்று கேட்டுக்கொண்டார். கார் ரேஸ் ஓடவிட்டு அந்த விளையாட்டுக் கருவியைக் கையில் கொடுத்தார்கள், பட்டன் நல்லா மெத்து மெத்துன்னு கீது என்று சான்றிதழ் கொடுத்தார். எது சார் பிடிச்சிருக்கு என்று கேட்டதும், எரிந்துகொண்டிருந்த டிவி அத்தனையையும் தாண்டி மூலைக்குப் போய் நின்றார். கிட்டே போனார், எட்ட வந்தார். இதான்யா டிவி, கண்ணு கூசல, படம் ஆடல, கலர் அப்படியே நிக்குது பாரு, இத்தயே பில்லு போடு என்றார்.

அவர் காட்டினது டிவியே இல்லை. டிவி வந்த அட்டைப் பெட்டி. காலிப் பெட்டி. மேலே தோகை விரித்த ஒரு மயில் அச்சடித்திருந்தது. படம் ஏன் ஆடப்போகிறது.

கோகுலகிருஷ்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். சார் செம தமாஷ் மேடம் என்றார். உங்கப்பாவும் ஒரு நொடி கழித்துச் சிரித்து, சும்மா உன்ன டெஸ்ட் பண்ணேன்பா என்றார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பார்த்தால் அவர் கை அந்தப் பெட்டியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருக்கிறது, அது என்ன என்று விரலால் தெரிந்துகொள்கிற மாதிரி. யோசித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி வெளியே கூட்டிக்கொண்டு வந்து, எதிரே இருக்கிற போர்டில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். பரோட்டா வாசனை அடித்துக்கொண்டிருந்தது, ஓட்டல் என்றார். எதிரே இருந்தது செருப்புக் கடை.

வேன் சாவியை வாங்கி என் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். அப்புறம் நடந்ததை விழுப்புரமே பார்த்தது. இன்னாடி பொம்பள நீ, நட்ட நடு ரோட்டுல மானத்த வாங்குற, முப்பது வருசமா ஸ்டியரிங் புடிச்சிக்கினு கீறேன், ஒரு கோழி மேலயாவது ஏத்திகீறனா என்று கத்தினார். கோழிக்கு ஓடத் தெரியும், யூகேஜி பிள்ளைக்குத் தெரியாது என்றேன். வேனைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டு ரெண்டு பேரும் பஸ் ஏறினோம். அவர் முன் சீட்டு, நான் பின் சீட்டு, யாரோ எவரோ மாதிரி. விக்கிரவாண்டி டோல்கேட் வந்தது, கூட்டேரிப்பட்டு வந்தது, மனுஷன் திரும்பியே பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நான் தெரிந்திருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஜெயத்தைப் போய்ப் பார்த்தேன், வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா. நான் வாயைத் திறக்கும் முன்பே அழ ஆரம்பித்துவிட்டாள். அண்ணே லெப்ட்ல சைக்கிளு, அண்ணே முன்னாடி மாடு நிக்குது என்று பல மாசமாக அவள்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள், அவர் கேட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறார். நான் வாய மூடிக்கினு இருந்தா அண்ணன் வண்டிய நிறுத்திட்டு என்னையே பாக்குறாரு டீச்சர், வெளிய சொன்னா அவரு பொழப்பும் போயிடும் என் பொழப்பும் போயிடும்னு பேசாம இருந்துட்டேன் என்றாள். இதற்கு மேல் ஒன்று சொன்னாள், அதில் கிண்டல் பண்ண எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் கடைசியாக இறங்கின பெண் பிள்ளை வண்டிக்கு முன்னாலேயே குறுக்கே நடந்திருக்கிறது. உங்கப்பா கியர் போட்டு வண்டியை நகர்த்திவிட்டார். ஜெயம் கத்தின கத்தில் பிரேக் பிடித்தார். பிள்ளையின் டிபன் பை மட்டும் வீலுக்கு அடியில் போயிருக்கிறது. அந்தப் பிள்ளை என் அங்கன்வாடியில் முட்டை தின்று வளர்ந்தது அறிவு, பேர் கூடச் சொல்ல மாட்டேன். அன்றைக்கு ஏதாவது ஆகியிருந்தால் நாம் யாரும் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா, அந்தத் தாய் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்.

நேராக ஸ்கூலுக்குப் போய் ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்லிவிட்டேன், இனிமேல் அவர் ஓட்ட மாட்டார் என்று. உன்னிடம் கேட்கவில்லை, அவரிடமும் கேட்கவில்லை. விழுப்புரத்தில் நின்ற நம் வேனைப் பச்சைமுத்து போய் எடுத்து வந்தான், இப்போது அவன்தான் ஓட்டுகிறான், ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன், நல்ல பையன். காலையில் வேன் நம் தெருவில் திரும்பும் சத்தம் கேட்டதும் உங்கப்பா உள்ளே இருந்தபடியே கிளட்ச்ச கடிக்கிறான் பாரு, ஹாரன் அடிக்கத் தெரியல பாரு என்று நேர்முக வர்ணனை கொடுப்பார். காது மட்டும் பதினெட்டு வயசு. என்னோடு பேச்சு கிடையாது. சோறு வேண்டுமென்றால் டிவி சத்தத்தைக் கூட்டுவார், தண்ணீர் வேண்டுமென்றால் குறைப்பார், நானும் ரிமோட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் மாதிரி கொண்டுபோய் வைப்பேன். கோயிலில் முதல் வாசகம் வாசிக்கிறதை ஏன் விட்டார் என்று அப்போதுதான் உறைத்தது. புதுசா வர்ற புள்ளைங்களுக்கு வழி விடணும் என்று பெரிய மனசு மாதிரி சொன்னாரே, சாமியாரும் நெகிழ்ந்து போய் ஒரு சால்வை போர்த்தினாரே, அது மனசு இல்லை, கண்.

கலையரசி வந்து மல்லுக்கட்டி ஒரு வழியாகப் பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் நன்றாக முற்றிவிட்டது என்றார் அந்த டாக்டரம்மா. சின்ன ஆபரேஷன்தான், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், அப்புறம் செக்கப் பண்ணிவிட்டு வண்டி கூட ஓட்டலாம் என்று குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்கள். இவர் எழுந்து வெளியே வந்துவிட்டார். கண்ணுல கத்தி வைக்க உட மாட்டேன், எங்க அண்ணனுக்கு அறுத்துத்தான் கண்ணு போச்சு என்றார். உன் பெரியப்பா, டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு யாரோ சொன்ன இலைச்சாற்றைப் பிழிந்து விட்டுக்கொண்டது ஊருக்கே தெரியும், தம்பிக்கு மட்டும் தெரியாது. அதற்கு இவர் கண்டுபிடித்த வைத்தியம் என்ன தெரியுமா, அந்த எழுபத்தஞ்சு இன்ச்ச வாங்கிப்புட்டா எல்லாம் சரியாப்பூடும். அப்படியே வேனுக்கும் ரோட்டுக்கும் பிள்ளைகளுக்கும் எழுபத்தைந்து இன்ச் ஆர்டர் பண்ணிவிடலாமா என்று கேட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டினார். சாமியார் வந்து பேசினார், டீ குடித்துவிட்டுப் போனார். அக்கம்பக்கத்தில் ஆபரேஷன் பண்ணிக்கொண்டவர்கள் வந்து இமையைப் பிரித்துக் காட்டினார்கள். நான் பாக்க வேண்டியத எல்லாம் பாத்துக்கினுதான் கீறேன் என்பதுதான் எல்லாருக்கும் பதில். நடுவில் நீ வேறு போனில், டிவி என்னாச்சுப்பா, ஆபர் முடியப் போவுது, ஜல்தி சொல்லுங்க என்று தூபம் போட்டாய். நான் பேஜாராகிக் கிடந்தேன்.

முந்தாநாள் உன் ரூமில் இருக்கிற யூசுப் வந்தான். லீவில் கோட்டக்குப்பம் வந்திருக்கிறேன், திரும்பிப் போகும்போது உனக்கு ஏதாவது கொடுத்து அனுப்புகிறீர்களா என்று கேட்க வந்தானாம். வருகிறேன் என்று முன்னால் சொல்லவில்லை. நான் அடுப்படியில் இருந்தேன். அவனும் உன்னை மாதிரி நெட்டை, தோளில் பையோடு வாசலில் நிற்கிறான், பின்னால் வெயில். உங்கப்பா எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. டேய் அறிவு, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறியே என்று ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார். நான் வந்து பார்க்கும்போது அவன் தோளையும் தலையையும் தடவிக்கொண்டு, ஏன்டா இப்படி இளைச்சிப் போய்ட்ட, சாப்புடுறதே இல்லையா என்று அழுதுகொண்டே சிரிக்கிறார். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. அவர் கை அவன் தாடியில் போய் நின்றது. இன்னாடா தாடி என்றார். யூசுப் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, அப்பா நான் யூசுப்பு என்றான்.

அவன் பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அப்புறம் வா யூசுப்பு உக்காரு, டீ சாப்புடு, உங்க வாப்பா சௌக்கியமா என்று ஒன்றுமே நடக்காத மாதிரி நாற்காலியைத் தடவி நிமிர்த்திப் போட்டார். அவன் இருந்த வரைக்கும் நன்றாகத்தான் பேசினார், உன் வேலையைப் பற்றிக் கேட்டார், சிரித்தார். அவன் போன பிறகு அடுப்படிக்கு வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னோடு பேசி எத்தனை நாள் ஆயிற்று. அம்சா, என் புள்ளய எனக்கு தெரியலடி என்றார். பாண்டிச்சேரிக்கு எப்ப போலாம் கேளு என்றார். இத்தனை பேர் கரடியாகக் கத்தியும் நடக்காததை ஒன்றுமே செய்யாமல் நடத்திவிட்டுப் போனான் அந்தப் பிள்ளை, அவன் நன்றாக இருக்க வேண்டும்.

முறுக்கு சுட்டு முடியாததால் நாளைக்கு யூசுப் மறுபடி வருவான், முறுக்கோடும் வேர்க்கடலை வறுத்துப் பிடித்த மல்லாட்டை உருண்டையோடும் இந்தக் கடிதத்தையும் அவனிடம்தான் கொடுத்துவிடுகிறேன். உருண்டையை எல்லாருக்கும் கொடுத்துத் தின்னு, ராத்திரி முழுக்க முழித்து விளையாடாதே, உனக்கும் இருப்பது ரெண்டே கண். டிவியை அப்படியே எழுபத்தைந்திலேயே நிறுத்தி வை, இனி ஒரு இன்ச் வளர்த்தாலும் இருதய ஆண்டவரோடு நானும் கிச்சனில் குடியேறிவிடுவேன். மாதா உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காக்கட்டும், உன் கை தொட்டதெல்லாம் நன்றாக வரட்டும், என்றைக்கும் என் ஆசீர்வாதம் உனக்கு உண்டு. இன்னும் ஒன்றே ஒன்று. வருகிற மாசம் இருபதாம் தேதி ஆபரேஷன். மறுநாள் காலையில் கட்டைப் பிரிப்பார்கள். பிரிக்கும்போது எதிரே நிற்க ஓர் ஆள் வேண்டும், அதை அவர் வாய் திறந்து கேட்க மாட்டார், அதனால் நான் கேட்கிறேன். யூசுப்பை அனுப்பாதே, நீ வா.

உன் அம்மா
ச. அம்சவள்ளி